மெஷின் பிறகு, மரக்கூழ் முதலில்

நாப்கின் தயாரிப்பில் இறங்கும் மகளிர் குழுக்களுக்குச் சில யோசனைகள்

"நாப்கின் யூனிட் போடலாம்னு இருக்கோம் அக்கா, எந்த மெஷின் வாங்கலாம்?"

குழுக்களிடமிருந்து எனக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்கும். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "கூழைக் கையில எடுத்துப் பார்த்திருக்கீங்களா?" மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது.

வழக்கமாக நடப்பது இதுதான். முதலில் மெஷின்காரரின் கொட்டேஷன் வரும். அதை வைத்து வங்கிக் கடன், பிறகு திறப்பு விழா. எல்லாம் முடிந்து கரண்ட் இணைப்பும் வந்த பிறகுதான் "உள்ளே என்ன போடுவது" என்ற பேச்சு எழும். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது. நாப்கினின் தரம் முக்காலும் மூலப்பொருளில் இருக்கிறது. மிச்சம் உங்கள் சோதனை நோட்டில் இருக்கிறது.

இதை நானே நஷ்டப்பட்டுத்தான் கற்றேன். ஈரோடு மாவட்டத்தில் ஒரு குழுவுக்கு மேலுறைத் துணியின் சாம்பிளைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தது நான். வெள்ளை வெளேரென்று இருந்தது, கன்னத்தில் வைத்தால் மெத்தென்று இருந்தது, விலையும் குறைவு. ரோல் வந்தது, நாப்கின் தயாரானது, பக்கத்து ஊர்களில் விற்றும் விட்டார்கள். ஒரே வாரத்தில் பாக்கெட்டுகள் திரும்பி வந்தன. எல்லாரும் ஒரே குறையைச் சொன்னார்கள்: பக்கவாட்டில் வழிகிறது. கூழில் குறையா, நீள அகலத்தில் குறையா என்று இரண்டு நாள் அலசினோம். குழுவில் வயதில் மூத்த அம்மா ஒருவர், பேரனின் மருந்துக் குப்பியில் இருந்த துளிப்பானை எடுத்து அந்தத் துணி மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். சொட்டு தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நின்றது. துணியைச் சாய்த்ததும் ஓடி விளிம்பில் விழுந்தது.

"ஏங்கண்ணு, இது உள்ளயே எறங்க மாட்டேங்குதே?" என்றார்.

அது கடைகளில் கொடுக்கும் கைப்பைகள் தைக்கிற நெய்யாத் துணி. நாப்கினுக்கானது இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீரில் தெரிந்திருக்க வேண்டியதை, ஒரு குழுவின் முதல் மாத உழைப்பைக் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். அந்தத் தவறு உங்களுக்கு நேரக் கூடாது.

அடுக்குக்கு ஒரு வேலை

ஒரு நாப்கினைக் கத்தரியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். கடையில் விற்கும் மூன்று நான்கு ரகங்களை வாங்கி இதைச் செய்வதுதான் உங்கள் முதல் பாடம். மேலே உடலைத் தொடும் மேலுறை. அதன் கீழே, சில ரகங்களில், ஈரத்தை வாங்கி நீளவாக்கில் பரப்பும் மெல்லிய இடையடுக்கு. நடுவில் உறிஞ்சும் பகுதி. அடியில் கசிவைத் தடுக்கும் கீழுறை. அதற்கும் அடியில் உள்ளாடையில் ஒட்டும் பசை, பசையைக் காக்கும் வழுவழுப்பான தாள்.

மேலுறை ஈரத்தை உடனே உள்ளே விட வேண்டும், தான் காய்ந்தே இருக்க வேண்டும். இடையடுக்கு பரப்ப வேண்டும். நடுப்பகுதி பிடித்து வைக்க வேண்டும், அமுக்கினாலும் திருப்பித் தரக் கூடாது. கீழுறை தடுக்க வேண்டும். இவற்றில் ஒன்று தன் வேலையைச் செய்யாவிட்டால் மற்றவை எவ்வளவு உயர்ந்த ரகமாக இருந்தாலும் பயனில்லை.

இன்னொரு கணக்கையும் மனதில் வையுங்கள். ஒரு மாதவிடாய்ச் சுழற்சி முழுவதிலும் வெளியேறும் ரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லி. 80 மில்லியைத் தாண்டினால் மருத்துவர்கள் அதை அதிகப்போக்கு என்பார்கள். ரத்தத்தோடு வேறு திரவங்களும் சேர்ந்து வரும் என்றாலும், ஒரு நாப்கின் தாங்க வேண்டியது குடம் குடமாக இல்லை. அப்படியிருந்தும் கசிகிறது என்றால், காரணம் பெரும்பாலும் கொள்ளளவுக் குறைவாக இருக்காது. திரவம் விழுந்த இடத்திலேயே தேங்கி, பரவ வழியில்லாமல், ஓரம் வழியாக ஓடியிருக்கும். "இன்னும் கொஞ்சம் கூழ் சேர்த்துவிடலாம்" என்று கை வைப்பதற்கு முன், அது பரவுகிறதா என்று பாருங்கள்.

மேலுறை: சொட்டு வைத்து வாங்குங்கள்

சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் இழைகளால் ஆன நெய்யாத் துணிகள், அல்லது துளையிட்ட பாலித்தீன் வலைகள். பாலிபுரோப்பிலீன் தன் இயல்பில் தண்ணீரை ஒட்டவிடாது. நாப்கினுக்கான ரகத்தில் ஈரத்தை ஏற்கும் பூச்சு கொடுத்திருப்பார்கள். பார்வைக்கும் தொடுவதற்கும் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வாங்கும்போது "ஹைட்ரோஃபிலிக்" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ரோல் வந்து இறங்கியதும் ரோலின் இரண்டு ஓரத்திலும் நடுவிலும் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். சொட்டு உடனே மறைய வேண்டும். சில ரகங்களில் பூச்சு ஒரே தரம் நனைந்ததும் கழுவிப் போய்விடும். எனவே அதே இடத்தில், அடியில் டிஷ்யூ வைத்து, இரண்டாவது, மூன்றாவது சொட்டையும் விடுங்கள்.

துணியின் கனத்தை ஜிஎஸ்எம் கணக்கில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பதே அது. மேலுறைக்கு 15 முதல் 25 வரை புழக்கத்தில் உண்டு. சொன்ன கனம் இருக்கிறதா என்று பார்க்க வழி எளிது. 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் துண்டு வெட்டி எடைபோடுங்கள். வரும் கிராமை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். 20 ஜிஎஸ்எம் துணியில் அந்தத் துண்டு 0.2 கிராம் இருக்கும். இதற்கு மளிகைக் கடைத் தராசு உதவாது, நகைக்கடைத் தராசு வேண்டும். மெஷினுக்கு முன்னால் வாங்க வேண்டிய முதல் கருவி அதுதான்.

வாசனை ஏற்றிய மேலுறை வேண்டவே வேண்டாம். அந்த இடத்துத் தோல் மென்மையானது, ஈரமும் உரசலும் ஏற்கெனவே அதிகம். வாசனைப் பொருள் பலருக்கு அரிப்பையும் தடிப்பையும் கொடுக்கும். டெல்லியைச் சேர்ந்த டாக்ஸிக்ஸ் லிங்க் அமைப்பு 2022இல் இந்தியச் சந்தையில் வாங்கிய நாப்கின்களைப் பரிசோதித்து, அவற்றில் தாலேட்டுகளும் எளிதில் ஆவியாகும் கரிம வேதிப்பொருட்களும் இருந்ததாக அறிவித்தது. பிளாஸ்டிக், பசை எது வாங்கினாலும் விற்பவரிடம் பொருளின் பாதுகாப்பு விவரத் தாளைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். தரத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

நடுவில் இருப்பது பஞ்சு இல்லை

முதல் உலகப் போரின்போது காயங்களுக்குக் கட்ட மரக்கூழிலிருந்து பஞ்சு போன்ற ஒரு பொருளைத் தயாரித்தார்கள். போர்க்களத்தில் இருந்த செவிலியர் அதைத் தங்கள் மாதவிடாய்க்கும் பயன்படுத்தினார்கள். போர் முடிந்தபின் 1920இல் அதே பொருள் அமெரிக்காவில் கோடெக்ஸ் என்ற பெயரில் கடைக்கு வந்தது. நம் கோவை அருணாசலம் முருகானந்தம், 1998இல் திருமணமான புதிதில், மனைவிக்காகப் பஞ்சில் நாப்கின் செய்யத் தொடங்கித் தோற்றார். கம்பெனி நாப்கினில் இருப்பது பருத்திப் பஞ்சு இல்லை, மரத்திலிருந்து வரும் செல்லுலோஸ் நார் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. பிறகுதான் அந்தக் கூழைப் பொடிக்கும் சிறு மெஷினை உருவாக்கினார். 2016இல் பத்மஸ்ரீ பெற்ற அவர் முதலில் கண்டுபிடித்தது பொருளை, அடுத்துத்தான் மெஷினை. நீங்களும் அந்த வரிசையிலேயே போங்கள்.

பருத்திப் பஞ்சு ஈரத்தை நன்றாகவே வாங்கும். ஆனால் நனைந்ததும் அமுங்கிக் கட்டியாகும், உட்காரும்போது அமுக்கினால் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும். நாப்கினுக்கான மரக்கூழ் ஊசியிலை மரங்களிலிருந்து, குறிப்பாக அமெரிக்காவின் தென்கிழக்கில் வளரும் பைன் மரங்களிலிருந்து வருகிறது. அதன் நார் இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் நீளம் இருக்கும். நீள நார்கள் ஒன்றோடொன்று பின்னி, நடுவே சிறு சிறு இடைவெளிகளைத் தாங்கி நிற்கும். அந்த இடைவெளிகள்தான் திரவத்தை இழுக்கின்றன. காகித ஆலைக்குப் போகும் கட்டை நாரில் இந்த வேலை நடக்காது.

கூழ் கெட்டி அட்டை மாதிரி ரோலாக வரும். வாங்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். முதலாவது, நாப்கினுக்கான ஃபிளஃப் ரகமா? இரண்டாவது, குளோரின் வாயு சேர்க்காமல் வெளுத்ததா? மூன்றாவது, நார் எளிதில் பிரிவதற்கான பக்குவம் செய்ததா, செய்யாததா? பக்குவம் செய்த கூழைச் சிறு மெஷின் சுலபமாகப் பிரிக்கும். பக்குவம் செய்யாதது ஈரத்தை வேகமாக வாங்கும், ஆனால் அரைக்க வலுவான மெஷின் வேண்டும். உங்கள் மெஷின் எதற்கு ஏற்றது என்று தெரியாமல் கூழை ஆர்டர் செய்யாதீர்கள்.

அரைக்கும் நேரத்தில்தான் பெரும்பாலான யூனிட்டுகள் தவறு செய்கின்றன. குறைவாக அரைத்தால் நடுவே அட்டைக் கட்டிகள் தங்கும். அதிகமாக அரைத்தால் நார் உடைந்து தூளாகும். தூள் உறிஞ்சாது, சேறாகப் படியும். அரைத்த கூழில் ஒரு சிட்டிகை எடுத்துக் கறுப்புத் துணி மேல் மெல்லப் பிரித்துப் பரப்புங்கள். வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தால் இன்னும் அரைய வேண்டும். மாவு போலத் துணியில் அப்பினால் அரைத்தது அதிகம். சிலந்தி வலை மாதிரி இழை இழையாகப் பிரிந்து நின்றால் அதுதான் பதம். அந்தப் பதத்துக்கு எத்தனை விநாடி ஆனது என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

அரைக்கும் அறையில் பறக்கும் தூசி நுரையீரலுக்குக் கேடு, சட்டென்று தீப்பிடிக்கவும் செய்யும். முகக்கவசம், காதடைப்பான், தூசியை இழுக்கும் விசிறி மூன்றும் கட்டாயம். அந்த அறையில் விளக்கேற்றுவதோ, ஊதுவத்தி வைப்பதோ கூடாது. அரைக்கும் பிளேடு தேய்ந்து விரிசல் விட்டிருக்கிறதா என்று தினமும் பாருங்கள். உடைந்த துணுக்கு ஒன்று நாப்கினுக்குள் போனால் விளைவு என்ன என்று சொல்லத் தேவையில்லை. கூழ் வெளியே வரும் வழியில் நல்ல காந்தம் ஒன்றைப் பொருத்துங்கள்.

ஜெல்: உப்புத் தண்ணீரில் உண்மை தெரியும்

வெட்டிய நாப்கினில் சர்க்கரைத் துகள் போல உதிர்வது ஜெல் பவுடர். சோடியம் பாலிஅக்ரிலேட் என்பது அதன் பெயர். இந்த வகைப் பொருளுக்கான தொடக்க ஆராய்ச்சி 1960களில் அமெரிக்க வேளாண் துறையின் இல்லினாய் மாநிலப் பியோரியா ஆய்வுக்கூடத்தில், மக்காச்சோள மாவுச்சத்தை வைத்து நடந்தது. 1978இல் ஜப்பானில்தான் முதன்முதலாக நாப்கினுக்குள் வந்தது. இன்றைய மெல்லிய நாப்கினும் குழந்தைகளுக்கான டயபரும் இதை நம்பியே இருக்கின்றன.

விற்பவர் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டு, டம்ளரைக் கவிழ்த்து, ஒரு சொட்டு விழவில்லை என்று காட்டுவார். அந்தக் காட்சியில் மயங்காதீர்கள். சுத்தத் தண்ணீரை இது தன் எடையைப் போல் சில நூறு மடங்கு வாங்கும். உப்பு சேர்ந்த திரவத்தில் அந்த அளவு பல மடங்கு இறங்கிவிடும். ரத்தத்தில் உப்பும் உண்டு, புரதமும் உண்டு, அது பிசுபிசுப்பானதும்கூட. எனவே ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு கரைத்த தண்ணீரில்தான் சோதிக்க வேண்டும். காலியான டீ பைக்குள் ஒரு கிராம் ஜெல்லைப் போட்டு, வாயை ஒட்டி, அரை மணி நேரம் ஊறவிடுங்கள். எடுத்துப் பத்து நிமிடம் தொங்கவிட்டு, சொட்டு வடிந்ததும் எடைபோடுங்கள். வெறும் பையையும் அப்படியே நனைத்து எடைபோட்டுக் கழித்துவிடுங்கள். 40 கிராமுக்குக் குறைந்தால் அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்புங்கள்.

செடிகளுக்குப் போடும் ஹைட்ரோஜெல்லைச் சிலர் இதுவென்று சொல்லி விற்பதுண்டு. அதன் துகளும் தயாரிப்பும் வேறு, உடலில் படும் பொருளுக்கு அது ஆகாது. சுகாதாரப் பொருட்களுக்கான ரகம் என்று சான்று பார்த்தே வாங்குங்கள்.

ஜெல்லைக் கூட்டிப் போடுவதும் தவறுதான். ஒரே இடத்தில் குவிந்தால் மேலே இருக்கும் துகள்கள் முதலில் ஊதி, பாகாகி, கீழே போகும் வழியை அடைத்துவிடும். அடியில் உள்ள ஜெல் காய்ந்தே கிடக்க, மேலே திரவம் தேங்கும். கூழோடு கலந்து சீராகத் தூவுவதே முறை. மூடியைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தையே வாங்கிக் கட்டியாகிவிடும். கடலோர ஊர்க்காரர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருங்கள்.

தரையில் ஜெல் கொட்டினால் ஈரத் துடைப்பம் போடாதீர்கள், வழுக்கி விழுவீர்கள். காய்ந்தபடியே பெருக்கி அள்ளுங்கள். ஈரம் பட்டுக் கூழாகிவிட்டால் மேலே கல்லுப்பைத் தூவிக் கொஞ்சம் பொறுங்கள். பிடித்து வைத்திருந்த தண்ணீரை அது கண்ணெதிரே விட்டுவிட்டுச் சுருங்கும். உப்புத் தண்ணீரில் ஏன் சோதிக்கச் சொன்னேன் என்பது அப்போது விளங்கும்.

கீழுறையும் பசையும்

கீழுறை பெரும்பாலும் பாலித்தீன் படலம். காற்றோட்டம் உள்ள ரகம் என்று விற்பதில் சுண்ணாம்புத் துகள்களைக் கலந்து இழுத்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளை உண்டாக்கியிருப்பார்கள். நீராவி வெளியேறும், திரவம் வெளியேறாது. நம் ஊர் வெயிலுக்கு அதுவே நல்லது. உண்மையா என்று பார்க்க, டம்ளரில் வெந்நீர் ஊற்றி, படலத்தை வாயில் இறுகக் கட்டி, அதன் மேல் ஒரு காய்ந்த கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். சில நிமிடத்தில் மேல் டம்ளரின் உட்புறம் பனித்தால் காற்றோட்டம் உண்டு. தெளிவாகவே இருந்தால் நீங்கள் வாங்கியது சாதாரணப் படலம்.

பசையை உருக்கி ஊற்றும் ரகமாகவே வாங்குங்கள். உருக்கும் தொட்டியில் இரவு முழுக்க சூட்டில் விட்டால் கருகும், பிடிப்பும் போகும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் அடுக்கி வைத்த பாக்கெட்டில் பசை இளகித் துணிக்குள் ஏறிவிடும். குடோன் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சோதனைக்கு, நாப்கினை ஒரு பருத்தித் துணியில் ஒட்டி, சிறிய எடை வைத்து, நண்பகல் சூட்டில் நான்கு மணி நேரம் விட்டு உரியுங்கள். துணியில் பிசின் தங்கக் கூடாது, நாப்கின் தானாக நழுவவும் கூடாது.

எந்த முறை உங்களுக்கு ஏற்றது?

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, கூழை அரைத்து, அச்சில் அமுக்கி, துணியில் சுற்றி, சூட்டில் ஓரம் ஒட்டும் கைமுறை யூனிட். இரண்டாவது, கூழும் ஜெல்லும் சேர்த்தே தயாரித்த உறிஞ்சு தாளை ரோலாக வாங்கி, வெட்டி அடுக்கும் அரைத் தானியங்கி. மூன்றாவது, அரைப்பது முதல் பாக்கெட் வரை ஒரே வரிசையில் ஓடும் முழுத் தானியங்கி. அதில் கூழ் காற்றில் பறந்து, உள்ளிருந்து உறிஞ்சப்படும் உருளை மேல் படிந்தே அச்சு வடிவம் பெறுகிறது. நிமிடத்துக்குச் சில நூறு நாப்கின்கள் வெளிவரும்.

கைமுறை யூனிட் வைத்துக்கொண்டு மூன்றாவது ரகத்தோடு மெல்லிய நாப்கினில் போட்டி போட்டால் விலையிலும் தோற்பீர்கள், தரத்திலும் தோற்பீர்கள். கைமுறைக்கு இயல்பாகக் கைவருவது தடிமனான கூழ் நாப்கின். பிரசவத்துக்குப் பின் தேவைப்படும் பெரிய நாப்கின், இரவு நேர நாப்கின் இரண்டும் அந்த வகை. உள்ளூர் மருத்துவமனைகளிலும் விடுதிகளிலும் அதற்குத் தேவை இருக்கிறது. மெல்லியதுதான் செய்ய வேண்டும் என்றால் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுங்கள்.

கைமுறையில் அமுக்கும் அழுத்தம் முக்கியம். தளர்வாக அமுக்கினால் நனைந்ததும் நடுவே பிளந்து ஓரத்தில் சுருளும். கல்லாக அமுக்கினால் ஈரம் இறங்க இடமே இருக்காது. ஓரம் ஒட்டும் சூட்டிலும் இதே கவனம் வேண்டும். சூடு குறைந்தால் பிரியும், கூடினால் ஓரம் பிளாஸ்டிக் கம்பி போல விறைத்துத் தொடையை அறுக்கும். கிராமத்து மின்சாரம் ஏறி இறங்கும் என்பதால் சூட்டைச் சீராக வைக்கும் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாத சீலரை வாங்காதீர்கள். ஒட்டிய ஓரத்தை உங்கள் முழங்கையின் உட்புறத்தில் இருபது முறை தேயுங்கள். சிவந்தால் அந்த நாப்கின் விற்பனைக்கு ஆகாது.

புற ஊதா விளக்கை மட்டும் நம்பாதீர்கள்

எல்லா மெஷின் தொகுப்பிலும் ஊதா விளக்குப் பெட்டி ஒன்று வரும். "இதுல வெச்சா கிருமியே இருக்காது" என்பார்கள். புற ஊதா ஒளி பட்ட இடத்துக் கிருமியைக் கொல்லும். அது படுவதோ மேற்பரப்பில் மட்டும். கூழுக்குள் போகாது, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பதற்கும் போகாது. உள்ளே போன அழுக்கு உள்ளேயே இருக்கும்.

எனவே சுத்தம் முதல் படியிலிருந்தே தொடங்க வேண்டும். கூழ் ரோலைத் தரையில் வைக்காதீர்கள். கை கழுவும் இடம் வாசலிலேயே இருக்கட்டும். தலைக்குத் தொப்பி, நகம் வெட்டிய விரல், தனிச் செருப்பு. சளி, கைப்புண் உள்ளவர்களுக்கு அன்று பாக்கெட் வேலை வேண்டாம், கணக்கு வேலை கொடுங்கள். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி மனிதர்களின் மூக்கிலும் தோலிலும்தான் குடியிருக்கிறது. நாப்கினில் அது இருக்கவே கூடாது. தயாரானதை அன்றே பாக்கெட்டில் போட்டு ஒட்டிவிடுங்கள். ஈரக்காற்றில் திறந்து கிடந்த கூழில் பூஞ்சை வரும்.

ஒவ்வொரு பேட்ச்சுக்கும் நோட்டில் நான்கு வரி

சானிட்டரி நாப்கினுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 5405. அதன் உறிஞ்சும் சோதனையை உங்கள் யூனிட்டிலேயே செய்யலாம். நிறம் கலந்த 30 மில்லி திரவத்தை நிமிடத்துக்கு 15 மில்லி வேகத்தில் நாப்கினின் நடுவில் விடுங்கள். பிறகு அந்த இடத்தின் மேல் ஒரு கிலோ எடையை ஒரு நிமிடம் வையுங்கள். அடியிலும் பக்கத்திலும் கசியக் கூடாது. தண்ணீர் ரத்தத்தைவிட நீர்த்தது, சுலபமாக இறங்கிவிடும். தண்ணீரில் தேறிய நாப்கின் கெட்டியான திரவத்திலும் தேறும் என்று சொல்ல முடியாது. எனவே உப்பும் உணவுத் தரக் கெட்டிப்பொடியும் சேர்த்துச் சற்றுக் கொழகொழப்பாக்கிய திரவத்திலும் பாருங்கள்.

இரண்டாவது, காய்ந்திருக்கிறதா என்ற சோதனை. மேற்சொன்னது முடிந்ததும் எடைபோட்ட வடிதாளை மேலே வைத்து அமுக்கி, மறுபடி எடைபோடுங்கள். கூடிய எடைதான் பயன்படுத்தும் பெண்ணின் தோலில் படப்போகும் ஈரம்.

மூன்றாவது, எடைச் சீர்மை. இருபது நாப்கினைத் தனித்தனியாக எடைபோட்டு, கூடுதலுக்கும் குறைவுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதுங்கள். சராசரி சரியாக இருந்து, ஒன்று 8 கிராமும் இன்னொன்று 12 கிராமுமாக இருந்தால், 8 கிராம் வாங்கியவர் மறுபடி உங்களிடம் வர மாட்டார்.

நான்காவது, பிஎச் அளவு. நாப்கின் துண்டை ஊறவைத்த சுத்தத் தண்ணீரில் பிஎச் தாளை நனைத்தால் 6க்கும் 8.5க்கும் நடுவே காட்ட வேண்டும். அமிலமும் காரமும் தங்கிய கூழ் இதில் மாட்டிக்கொள்ளும்.

கிருமிச் சோதனையை மட்டும் ஆய்வகத்தில்தான் செய்ய முடியும். கோவையில் உள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ராவில் மருத்துவ ஜவுளிக்கென்றே தனி மையம் உண்டு. சோதனைக் கட்டணத்தை வீண் செலவாக நினைக்காமல் திட்ட அறிக்கையிலேயே ஒரு வரியாகச் சேருங்கள்.

வாழை நார் போடலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்காத குழு இல்லை. நம் காவிரிப் படுகையிலும் தேனியிலும் தார் வெட்டியபின் வாழைத் தண்டு குப்பையாகக் கிடப்பதைப் பார்க்கும் யாருக்கும் இந்த எண்ணம் வரும். அது நல்ல எண்ணம்தான். அகமதாபாத்தின் சாத்தி நிறுவனம் வாழை நாரில் நாப்கின் தயாரித்து விற்கிறது. ருவாண்டாவிலும் வாழை நார் நாப்கின் உண்டு. செய்ய முடியும் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் பட்டையிலிருந்து உரித்த நாரை வெட்டி அப்படியே உள்ளே வைத்தால் அது நாப்கின் ஆகாது. கச்சா நாரில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் தண்ணீரை விலக்கும். நாரையும் கயிறு போல விறைப்பாக்கும். அதைக் காரத்தில் வேகவைத்து நீக்கி, கழுவி, வெளுத்து, பஞ்சு போலப் பிரித்தால்தான் உறிஞ்சும். அந்தக் கழுவு நீரை எங்கே விடுவது என்பதற்கும் பதில் வேண்டும். தனியொரு குழு தன் கொட்டகையில் செய்யக்கூடியது இல்லை இது. பல குழுக்கள் சேர்ந்து ஒரு பொது ஆலை வைத்தால் நடக்கும். திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் நார் எடுக்கும் முறைகளை முதலில் நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

"மக்கும் நாப்கின்" என்று பாக்கெட்டில் அச்சடிப்பதற்கு முன் எல்லா அடுக்கையும் எண்ணிப் பாருங்கள். நடுவில் வாழை நார் இருந்து, மேலே பாலிபுரோப்பிலீனும் கீழே பாலித்தீனும் இருந்தால் அது மக்கும் நாப்கின் இல்லை. நம்மை நம்பி வாங்குபவர் அதைத் தோட்டத்தில் புதைப்பார். பத்து வருஷம் கழித்தும் உறை அப்படியே கிடக்கும். முழுவதும் மக்கும் என்று சோதனைச் சான்று இருந்தால் மட்டும் அப்படி எழுதுங்கள்.

வரி, விதி, கழிவு

நாப்கினுக்கு இருந்த 12 சதவீத ஜிஎஸ்டி 2018 ஜூலையில் நீக்கப்பட்டது. வாங்குபவருக்கு அது நன்மை. ஆனால் விற்கும் பொருளுக்கு வரி இல்லாததால், கூழுக்கும் துணிக்கும் பசைக்கும் நீங்கள் கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாது. அது உங்கள் அடக்கவிலையில் ஏறும். வரி சேர்த்த விலையில்தான் கணக்குப் போட வேண்டும். பல குழுக்களின் திட்ட அறிக்கையில் இந்த ஓட்டையைப் பார்த்திருக்கிறேன்.

மருத்துவ ஜவுளிகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணையில் நாப்கினும் வருகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ் தரும் உரிமம் பற்றியும், சுய உதவிக் குழுக்களுக்கான சலுகை பற்றியும் சென்னையிலோ கோவையிலோ உள்ள பிஐஎஸ் கிளை அலுவலகத்தில் நேரில் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய நாப்கினைச் சுற்றிப்போட உறை ஒன்றைப் பாக்கெட்டோடு கொடுக்க வேண்டும் என்று தயாரிப்பாளருக்குச் சொல்லியிருந்தன. ஒரு காகித உறைக்கு ஆகும் செலவு சிறிது. கழிவைக் கையால் எடுக்கும் தூய்மைப் பணியாளரை அந்த உறை காக்கிறது.

பாக்கெட்டின் மேல் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லித் தமிழில் அச்சிடுங்கள். ஜெல் இருப்பதால் நாள் முழுக்க வைக்கலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

தொடங்கும் வரிசை

முதல் மாதம், கடை நாப்கின்களை வெட்டிப் பாருங்கள், நகைக்கடைத் தராசு வாங்குங்கள், மூன்று நான்கு வியாபாரிகளிடம் மேலுறை, கூழ், ஜெல் சாம்பிள் கேட்டு வாங்கிச் சோதியுங்கள். இரண்டாம் மாதம், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு யூனிட்டில் போய் ஒரு வாரம் வேலை செய்யுங்கள். மெஷின்காரர் காட்டும் யூனிட்டாக அது இருக்க வேண்டாம், நீங்களே தேடிக் கண்டதாக இருக்கட்டும். அங்கே நூறு நாப்கின் செய்து, குழு உறுப்பினர்களே பயன்படுத்தி, கூச்சமில்லாமல் குறை சொல்லுங்கள். மூன்றாம் மாதம் மெஷின்காரரைக் கூப்பிடுங்கள். "உங்கள் மெஷினில் எங்கள் கூழைப் போட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்டிய பிறகே முன்பணம்.

ஈரோடு குழு இன்றும் நடக்கிறது. திரும்பி வந்த பாக்கெட்டுகளுக்கு அவர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஊர் அவர்களை மறுபடி நம்பியதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவர்கள் வாசலில் இருக்கிறது. நிலைக்கு அருகே ஓர் ஆணியில் அந்த மருந்துத் துளிப்பான் கயிறு கட்டித் தொங்குகிறது. ரோல் வந்தால் ஆட்டோக்காரருக்குக் காசு கொடுப்பதற்கு முன்பே ஒருவர் அதை எடுத்துக்கொண்டு வெளியே போகிறார். மூன்று சொட்டு விடுகிறார், பார்க்கிறார், நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்திடுகிறார். அதன் பிறகே ரோல் வாசல் தாண்டி உள்ளே வருகிறது.